கோட்பாடு எங்கே?

பத்துக்கு மூன்று மதிப்பெண் போட்டேன். ஓரத்தில் சிவப்பு மையில் 'கோட்பாடு எங்கே?' என்று எழுதி அடிக்கோடும் இட்டேன். 2023 ஏப்ரலில் நான் செய்த காரியம் இது.

அந்த விடைத்தாள் என் கைக்கு வந்த கதையை முதலில் சொல்லிவிடுகிறேன். எங்கள் கல்லூரியில் சமூகக் கல்வியின் கோட்பாடும் நடைமுறையும் பற்றி ஒரு விருப்பப் பாடம் உண்டு. எந்தத் துறை மாணவியும் எடுத்துப் படிக்கலாம். நான் தமிழ்த்துறை, முனைவர் பட்டத்துக்கு ஆய்வு செய்தது அகப்பாடல்களில். ஆனால் கல்லூரிகளில் நடத்த ஆளில்லாத பாடம் எதுவானாலும் கடைசியில் தமிழ்த்துறைக் கதவைத்தான் தட்டும். அந்தப் பருவத்தில் எனக்குப் பணிநேரம் நான்கு மணி குறைந்திருந்தது. என் தலையில் விழுந்தது.

பாடத்திட்டத்தில் ஐந்து அலகுகள். முதல் நான்கும் கோட்பாடு: ஜான் டியூயி, காந்தியின் ஆதாரக் கல்வி, இவான் இல்லிச், பாவ்லோ ஃபிரெயர். ஐந்தாவது அலகு களப்பணி. அதில் ஒரு பெயரும் கிடையாது. 'தன்னார்வலர்கள்', 'மகளிர் குழுக்கள்', 'பயனாளிகள்' என்று மட்டும் இருக்கிறது. ஆண்களுக்குப் பெயர், பெண்களுக்குப் பன்மை விகுதி. இதை மூன்று பருவம் நடத்திய பிறகுதான் எனக்கே உறைத்தது. இலக்கணம் படித்தவளுக்கு இது கொஞ்சம் அதிகமான தாமதம்தான்.

வினா இது: ஃபிரெயரின் கல்விக் கோட்பாட்டைத் தக்க சான்றுகளுடன் ஆராய்க. விடை எழுதியவள் இளங்கலை வணிகவியல் இரண்டாம் ஆண்டு. பகலில் கல்லூரி, மாலையில் இல்லம் தேடிக் கல்வித் தன்னார்வலர். கொரோனா ஊரடங்கில் பிள்ளைகள் இழந்த படிப்பை மீட்க 2021 அக்டோபரில் தமிழ்நாடு அரசு தொடங்கிய திட்டம் அது. ஏறத்தாழ இரண்டு லட்சம் தன்னார்வலர்கள், அவர்களில் பெரும்பாலோர் பெண்கள். தெருவிலும் திண்ணையிலும் கோயில் மண்டபத்திலும் உட்கார்ந்து பாடம் நடத்தியவர்கள்.

அவள் ஃபிரெயரின் பெயரை முதல் வரியில் ஒருமுறை எழுதிவிட்டு அத்தோடு விட்டுவிட்டாள். மீதி இரண்டரைப் பக்கமும் அவள் தெரு. மூன்றாம் வகுப்புப் பையன் ஒருவன் 'அப்பா' என்ற சொல் வந்ததும் வாயை மூடிக்கொள்வான். மற்ற சொற்களை எழுத்துக்கூட்டிவிடுவான், இது மட்டும் வராது. அவன் அப்பா திருப்பூருக்கு வேலைக்குப் போய் இரண்டு வருடமாகத் திரும்பவில்லை என்று இவள் விசாரித்துத் தெரிந்துகொண்டாள். அந்த அட்டையை எடுத்து வைத்துவிட்டு, அவன் வீட்டு ஆடுகளின் பெயரைக் கேட்டுத் தரையில் எழுதினாள். வெள்ளச்சி, கருவாச்சி, செவலை. ஒரே வாரத்தில் படித்தான். பிறகு ஒருநாள் அவனாகவே அந்த அட்டையைத் தேடி எடுத்தான்.

இன்னொன்றும் எழுதியிருந்தாள். மாலை ஐந்தரைக்குத் தெருக்குழாயில் தண்ணீர் வரும். ஆண்பிள்ளைகள் உட்கார்ந்திருப்பார்கள், பெண்பிள்ளைகள் குடத்தைத் தூக்கிக்கொண்டு எழுந்துவிடுவார்கள். சத்தம் போட்டுப் பார்த்தாள், பயனில்லை. கடைசியில் வகுப்பையே குழாயடிக்குக் கொண்டுபோனாள். வரிசையில் நிற்கும் பித்தளைக் குடங்களில் பெயர் வெட்டியிருக்கிறதே, அதைப் படிக்கச் சொன்னாள். நான்காம் வகுப்புச் சிறுமி கேட்டாளாம்: "அக்கா, கொடம் எங்கம்மாவோடது. பேரு ஏன் எங்க தாத்தாவோடது?" சீர் கொடுத்தவர் பெயரைத்தான் குடத்தில் வெட்டுவார்கள். 'இதற்கு என்னிடம் பதில் இல்லை. அன்றைக்கு முழுவதும் அதைப் பற்றியே பேசினோம்' என்று அந்தப் பத்தியை முடித்திருந்தாள்.

படிக்க நன்றாக இருந்தது. அதனால்தான் மூன்று. இல்லையென்றால் இரண்டு போட்டிருப்பேன்.

இப்போது ஃபிரெயர் என்ன செய்தார் என்று பார்ப்போம். 1963-இல் பிரேசிலின் வடகிழக்கில் ஆங்கிகோஸ் என்ற சிற்றூரில் முந்நூறு தொழிலாளர்களுக்கு நாற்பது மணி நேரத்தில் எழுதப் படிக்கக் கற்றுக்கொடுத்த முயற்சியை அவர் வழிநடத்தினார். அகரவரிசையில் தொடங்கவில்லை. அந்த மக்களின் வாழ்க்கையில் கனமாகக் கிடக்கும் சொற்களைத் தேடி எடுத்தார். 'செங்கல்' அப்படி ஒரு சொல். சொல்லைப் படிக்கும்போதே அதைச் சுற்றியுள்ள உலகத்தையும் படிக்க வைப்பது: செங்கல்லை யார் சுமக்கிறார்கள், அந்த வீட்டில் யார் குடியிருக்கிறார்கள். ஆசிரியர் நிரப்ப, மாணவர் வாங்கிவைக்கும் பாத்திரமாக இருக்கும் கல்வியை அவர் வங்கிமுறைக் கல்வி என்றார். பதில் தெரிந்துகொண்டு கேட்கும் கேள்வியைவிட, பதில் தெரியாமல் இருவரும் சேர்ந்து நிற்கும் கேள்வியே கல்வி என்றார்.

ஆட்டின் பெயரும் குடத்தில் வெட்டிய பெயரும் வேறென்ன? நான் வகுப்பில் பலகையில் எழுதிப் போட்டதை அவள் தெருவில் செய்துவிட்டு வந்து எழுதியிருந்தாள். எனக்கு அடையாளம் தெரியவில்லை. நான் தேடியது மேற்கோள் குறி. பலகையில் நான் எழுதியதை அப்படியே திருப்பி எழுதியவளுக்கு எட்டு போட்டிருக்கிறேன். வங்கிமுறைக் கல்வியைக் கண்டிக்கும் பாடத்தை வங்கிமுறையில் நடத்தி, போட்ட பணம் வட்டியோடு வந்ததா என்று எண்ணிக்கொண்டிருந்திருக்கிறேன்.

விடைத்தாளைத் திருப்பிக் கொடுத்தபோது அவள் ஒன்றும் சொல்லவில்லை. "பாஸ்தானே மேடம்?" என்று மட்டும் கேட்டாள்.

இதை என் தனிப்பட்ட அசட்டை என்று சொல்லி மன்னிப்புக் கேட்டுவிட்டுப் போய்விடலாம். அப்படிச் செய்தால் இது சுயபுராணம் ஆகிவிடும். நான் அப்படித் திருத்தியதற்குக் காரணம் நான் அப்படிப் பழக்கப்பட்டதுதான். ஆண் எழுதினால் கோட்பாடு, பெண் செய்தால் சேவை என்று பழக்கியிருக்கிறார்கள். இந்தப் பழக்கம் பழையது, உலகம் முழுவதும் இருப்பது.

செப்டிமா கிளார்க் என்ற பெயரை உங்களில் எத்தனை பேர் கேட்டிருப்பீர்கள்? நான் என் நாற்பதாவது வயதில் கேட்டேன். அமெரிக்காவின் தென் கரோலினாவில் கறுப்பினப் பள்ளி ஆசிரியை. கறுப்பின மக்களின் உரிமைச் சங்கமான என்.ஏ.ஏ.சி.பி.யிலிருந்து விலக மறுத்ததற்காக 1956-இல் வேலையைப் பறித்தார்கள். நாற்பது ஆண்டுக்காலப் பணி, ஓய்வூதியமும் போனது. அங்கே அப்போது வாக்காளராகப் பதிய வேண்டுமானால் மாநில அரசியல் சட்டத்தின் ஒரு பகுதியைப் படித்துக் காட்ட வேண்டும். படிக்கவிடாமல் வைத்திருந்த மக்களிடம் படித்துக்காட்டு என்று கேட்கும் தந்திரம். 1957 ஜனவரியில் ஜான்ஸ் தீவில் ஒரு கூட்டுறவுக் கடையின் பின்னறையில் முதல் குடியுரிமைப் பள்ளி தொடங்கியது. முன்னால் கடை, வெள்ளையர் கண்ணுக்கு. பின்னால் பள்ளி. ஆசிரியை பெர்னிஸ் ராபின்சன், கிளார்க்கின் உறவுக்காரர். தலைமுடி அலங்காரமும் தையலும் செய்து பிழைத்தவர், ஆசிரியப் பயிற்சி இல்லாதவர். பள்ளிக்கூடச் சிறுவர்களுக்கான பாடப்பொருள்களைக் கொண்டுவந்தவர், வந்திருந்தவர்களைப் பார்த்ததும் அவற்றை ஒதுக்கிவிட்டு உங்களுக்கு என்ன தெரிய வேண்டும் என்று கேட்டார். பெயர் எழுத வேண்டும், மணியார்டர் படிவம் நிரப்ப வேண்டும், பைபிள் படிக்க வேண்டும், வாக்காளராகப் பதிய வேண்டும் என்றார்கள். அதுவே பாடத்திட்டம் ஆயிற்று. இப்படி நூற்றுக்கணக்கான பள்ளிகள் தெற்கு மாநிலங்கள் முழுக்கப் பரவின.

ஆண்டைக் கவனியுங்கள். 1957. ஆங்கிகோஸுக்கு ஆறு வருடம் முந்தி. ஃபிரெயரின் புகழ்பெற்ற நூல் எழுதி முடிக்கப்பட்டது 1968-இல், ஆங்கிலத்தில் வந்தது 1970-இல். ஃபிரெயர் திருடினார் என்று நான் சொல்லவில்லை. அவர் தன் நிலத்தில் தன் வழியைத் தானாகக் கண்டவர், சிறைக்கும் நாடு கடத்தலுக்கும் ஆளானவர். கேள்வி வேறு. ஏன் ஒருவர் கோட்பாட்டாளர், மற்றவர் களப்பணியாளர்? 1990-இல் மைல்ஸ் ஹார்ட்டனும் ஃபிரெயரும் பேசிக்கொண்ட உரையாடல் நூல் ஒன்று வந்தது. சமூகக் கல்விக்கு அடிப்படை நூல் என்பார்கள். நல்ல நூல்தான். ஆனால் குடியுரிமைப் பள்ளிக்கு ஹார்ட்டனின் ஹைலேண்டர் பள்ளி இடம் கொடுத்தது, வகுப்பில் நின்றவர்கள் பெண்கள். மேசையில் இரண்டு ஆண்கள். மார்ட்டின் லூதர் கிங் தலைமையிலான அமைப்பின் நிர்வாகக் குழுவில் இருந்தபோது பெண்ணின் சொல்லை அங்கே யாரும் பொருட்படுத்தவில்லை என்று பின்னாளில் கிளார்க்கே பேட்டிகளில் சொல்லியிருக்கிறார்.

ஃபிரெயரைச் சட்டத்திலிருந்து கல்விப் பக்கம் திருப்பியவர் அவர் மனைவி எல்சா. பள்ளி ஆசிரியை. அவரே அதைச் சொல்லியிருக்கிறார். தன் நூலில் மனிதன் என்றால் ஆண் என்றே எழுதியிருப்பதைச் சுட்டிப் பெண்கள் கடிதம் போட்டதையும், அது நியாயம் என்று தான் உணர்ந்ததையும் 1992 நூலில் ஒளிக்காமல் எழுதியவர் அவர். பெல் ஹூக்ஸ் அவரைக் குருவாகவும் கொண்டார், அவருடைய ஆண்பார்வையைக் கண்டிக்கவும் செய்தார். ஆக ஃபிரெயரே திருத்திக்கொண்டார். அவரைப் பாடமாக வைத்த நம் பாடத்திட்டக் குழுக்கள்தான் இன்னும் திருத்திக்கொள்ளவில்லை.

இவ்வளவு தூரம் போவானேன், என் சித்தியைப் பற்றிச் சொல்கிறேன். நான் பிறந்தது புதுக்கோட்டை மாவட்டம். 1991-இல் அங்கே அறிவொளி இயக்கம் வந்தபோது எனக்குப் பதினொரு வயது. எர்ணாகுளம் அதற்கு முந்தைய ஆண்டு முழு எழுத்தறிவு பெற்ற முதல் மாவட்டமாக அறிவிக்கப்பட்டிருந்தது. எங்கள் மாவட்டத்தில் ஷீலாராணி சுங்கத் ஆட்சியர். கல்குவாரிக் குத்தகையைப் பெண்கள் குழுக்களுக்குக் கொடுத்ததும், பெண்கள் சைக்கிள் ஓட்டக் கற்றதை இயக்கத்தின் ஒரு பகுதியாகவே ஆக்கியதும் அப்போதுதான். சாய்நாத் எழுதி அந்தச் சைக்கிள்கள் உலகப் புகழ் பெற்றுவிட்டன. நான் சொல்வது சைக்கிளுக்குப் பின்னால் இருந்ததை.

சித்தி பிளஸ் டூ முடித்துவிட்டு வீட்டில் இருந்தாள். ராத்திரிச் சாப்பாட்டுக்குப் பிறகு மாரியம்மன் கோயில் விளக்கடியில் இருபது பெண்கள். நடவு நட்டுவிட்டு, கல் உடைத்துவிட்டு வந்தவர்கள். நான் சிலேட்டு தூக்கிக்கொண்டு கூடப் போவேன். அவள் கையிலிருந்த புத்தகம் அ, ஆவில் தொடங்கவில்லை; பட்டா என்ற சொல்லில் தொடங்கிய ஞாபகம். யாருக்கும் பட்டா இல்லாத தெருவில் அந்தச் சொல்லை வைத்துக்கொண்டு மூன்று ராத்திரி சண்டை நடந்தது. 'மண்டையில ஏறல தாயி' என்று நின்றுவிட்ட கிழவிகளைச் சித்தி விடவில்லை. சிலேட்டைக் கிட்டக் கொண்டுபோவாள், தள்ளிப் பிடிப்பாள். ஒருநாள் வீட்டுக்கு வந்து அம்மாவிடம் சொன்னாள்: "அக்கா, அதுகளுக்குப் படிப்பு வராம இல்ல. கண்ணு தெரியல." மறுநாளிலிருந்து கோயில் சுவரில் கரியால் முழ உயரத்துக்கு எழுத்து. நாற்பது வயதுக்கு மேல் கிட்டப் பார்வை மங்கும் என்று அவளுக்கு யாரும் பயிற்சியில் சொல்லவில்லை. அவளே கண்டுபிடித்தாள். பல்கலைக்கழகத்தில் யாராவது கண்டுபிடித்திருந்தால் முனைவர் பட்டம்.

1992-இல் நெல்லூர் மாவட்டம் தூபகுண்டாவில் எழுத்தறிவு வகுப்புப் பெண்கள் பாடத்தில் வந்த ஒரு கதையைப் படித்துவிட்டுச் சாராயக் கடையை மூடக் கிளம்பினார்கள். அடுத்த ஆண்டு ஆந்திராவில் சாராயத்துக்குத் தடை வந்தது. வகுப்பு என்ன செய்யும் என்று அரசாங்கங்களுக்கு நன்றாகவே தெரியும். அறிவொளியைக் குறை சொல்ல எனக்கு நாக்கு வராது. என் ஊரில் பெண்கள் ராத்திரி வெளியே உட்கார்ந்து பேசியது அப்போதுதான். ஆனால் எல்லாம் முடிந்த பிறகு சித்திக்கு ஒரு சான்றிதழ் வந்தது. சாமி படத்துக்குப் பின்னால் செருகி வைத்தாள். பெண் பார்க்க வந்தவர்கள் ராத்திரியெல்லாம் ஊர் சுற்றின பெண் என்றார்கள்.

தமிழ் படித்தவள் என்பதால் சொற்களைக் கொஞ்சம் பிரித்துப் பார்க்கிறேன். அங்கன்வாடி ஊழியர் வாங்குவது மதிப்பூதியம். இல்லம் தேடிக் கல்விக்கு வந்தவர் தன்னார்வலர். கல்லூரியில் நிரந்தரப் பணி தராமல் வைத்திருக்கும் ஆசிரியர் கௌரவ விரிவுரையாளர். நானும் ஏழு வருடம் அந்தக் கௌரவத்தோடு இருந்தவள்தான். கூலி குறையும் இடத்திலெல்லாம் ஒரு மரியாதைச் சொல் வந்து உட்கார்ந்துகொள்கிறது. ஒருங்கிணைந்த குழந்தை வளர்ச்சித் திட்டம் தொடங்கியது 1975 அக்டோபர் 2-ஆம் தேதி. அங்கன்வாடி ஊழியர் வகிப்பது அரசுப் பதவி அல்ல என்று உச்ச நீதிமன்றம் 2006-இல் சொன்னது. அவர்களுக்குப் பணிக்கொடை உண்டு என்று அதே நீதிமன்றம் சொன்னது 2022 ஏப்ரலில். நாற்பத்தேழு வருடம். 1975-இல் வேலைக்குச் சேர்ந்த பெண் அதற்குள் எத்தனை ஊர்ப் பிள்ளைகளுக்கு 'அம்மா இங்கே வா வா' சொல்லிக்கொடுத்துவிட்டு ஓய்வு பெற்றிருப்பாள்.

என் மாணவிக்கு மாதம் ஆயிரம் ரூபாய். அவள் ஒரு நாளைக்கு இரண்டு மணி நேரம், மாதம் இருபது நாள் நடத்தினாள். மணிக்கு இருபத்தைந்து ரூபாய். அவள் செய்வதற்கு ஃபிரெயர் என்ன பெயர் வைத்தார் என்று சொல்ல நான் மணிக்கு ஆயிரத்து ஐந்நூறுக்கு மேல் வாங்குகிறேன். இந்தக் கணக்கை அச்சில் ஏற்ற வேண்டாம் என்றுதான் முதலில் நினைத்தேன்.

இதை ஒரு கூட்டத்தில் பேசியபோது மூத்த தோழர் ஒருவர் எழுந்தார். கூலி வந்தால் இயக்கம் செத்துவிடும், அர்ப்பணிப்புத்தான் அதன் உயிர் என்றார். ஆட்சியருக்குச் சம்பளம் இருந்தது. ஜீப்புக்கு டீசல் இருந்தது. புத்தகம் அச்சடித்தவருக்குப் பில் பாஸானது. இத்தனை காசு புழங்கியும் சாகாத இயக்கம் சித்திக்கு நூறு ரூபாய் கொடுத்தால் மட்டும் எப்படிச் சாகும்? அர்ப்பணிப்பு என்ற சொல்லை இனி சம்பளம் வாங்குகிறவர்கள் வாயால் கேட்க எனக்குப் பொறுமை இல்லை.

ஆனால் சித்தி என் கட்சியில் இல்லை. போன பொங்கலுக்கு அவளிடம் இதையெல்லாம் ஆவேசமாகச் சொன்னேன். முறுக்கு சுட்டுக்கொண்டே கேட்டாள். "அடிப் போடி. காசு குடுத்திருந்தா உங்க தாத்தா மாசாமாசம் கை நீட்டி வாங்கியிருப்பாரு. எங்க போற, எத்தன மணிக்கு வர்றன்னு கணக்குக் கேட்டிருப்பாரு. காசு இல்லாததாலதான் அது ஒரு வேலையின்னே யாருக்கும் தோணல. நான் பாட்டுக்கு இருந்தேன்." இதற்கு என்னிடம் முழுப் பதில் இல்லை. கூலி வந்தால் அது வீட்டு ஆண் கைக்குப் போகும் என்பது கூலி கொடுக்காமல் இருக்கக் காரணம் ஆகாது என்று சொன்னேன். அவள் எண்ணெய்ச் சட்டியைப் பார்த்துக்கொண்டிருந்தாள். கொஞ்ச நேரம் கழித்துச் சொன்னாள்: "காசு கெடக்கட்டும். எப்படிச் சொல்லிக்குடுத்த, கெழவிக எப்படிப் படிச்சாளுகன்னு ஒருத்தராச்சும் வந்து கேட்டிருக்கலாம். எத்தன பேரு, எத்தன நாளுன்னுதான் கேட்டாங்க."

எத்தனை பேர், எத்தனை நாள். இல்லம் தேடிக் கல்வியிலும் அதே. செயலியில் வருகைப்பதிவு ஏற்ற வேண்டும். ஆட்டின் பெயர் எழுதக் கட்டம் இல்லை. நாங்கள் களப்பணிக்குக் கூட்டிக்கொண்டு போகும் மாணவிகள் கையில் கொடுக்கும் படிவத்திலும் எத்தனை பேர், எத்தனை நாள்தான். பிறகு எங்கிருந்து கோட்பாடு வரும்? நான்கு அலகுக்கும் வெளிநாட்டிலிருந்தும் வார்தாவிலிருந்தும் வரவழைத்துக்கொண்டு, பெண்களிடம் எண்ணிக்கையை மட்டும் வாங்கிக்கொள்கிறோம். கூலியைக் குறைத்ததை நீதிமன்றத்தில் கேட்கலாம், தாமதமானாலும் ஒருநாள் தீர்ப்பு வரும். அறிவைக் களவாடியதை எங்கே கேட்பது?

நான் கேட்கத் தெரிந்த இடம் வினாத்தாள் ஒன்றுதான். இந்தப் பருவத்துக்கு இப்படி ஒரு வினா வைத்தேன்: உங்கள் ஊரில் மாலை வகுப்பு நடத்தும் பெண் ஒருவர் தானாகக் கண்டறிந்த கற்பித்தல் முறை ஒன்றை விவரித்து, அது ஃபிரெயருடன் எங்கே ஒத்துப்போகிறது, எங்கே அவரைத் தாண்டுகிறது என விளக்குக. வினாத்தாள் திரும்பி வந்தது. விடைக்குறிப்பு இணைக்கப்படவில்லை, இணைத்து அனுப்பவும்.

அந்த மாணவியைத் தேடிப் பிடித்தேன். இப்போது முதுகலை படிக்கிறாள். அவளுடைய பழைய விடையை விடைக்குறிப்பாக அனுப்பலாமா என்று கேட்டேன். மூன்று மதிப்பெண்ணை அவள் மறக்கவில்லை. சிரித்தாள்.

"என் பேரு வருமா மேடம்?"

விடைக்குறிப்பில் யார் பெயரும் வராது என்றேன். நான் எழுதப்போகும் கட்டுரையில் வேண்டுமானால் போடுகிறேன் என்றேன். யோசித்தாள். கட்டுரையில் வேண்டாம், ஊரில் யாராவது கேட்பார்கள் என்றாள். "சிலபஸ்ல வந்தா போடுங்க. அஞ்சாவது யூனிட்ல வேணாம்."

விடைக்குறிப்பை அனுப்பிவிட்டேன். கற்பவரின் வாழ்விலிருந்து சொல்லைத் தேர்ந்தெடுத்தல் (ஆடுகளின் பெயர்) – 3. கற்பவர் தவிர்க்கும் சொல்லை வற்புறுத்தாமல் காத்திருத்தல் – 2. வகுப்பைப் பெண்பிள்ளைகள் இருக்கும் இடத்துக்கு நகர்த்துதல் (குழாயடி) – 2. ஆசிரியருக்குப் பதில் தெரியாத கேள்வி (குடத்தில் யார் பெயர்) – 3. மொத்தம் பத்து. இன்னும் பதில் வரவில்லை.